எட் பார்க்கர்: வாத்தியாரா, வியாபாரியா?

மார்ச் 2, வாசகர் ஒருவரின் கேள்வி

அமெரிக்காவின் முதல் கராத்தே ஆசிரியர் எட் பார்க்கர் என்று படித்தேன். பாடகர் எல்விஸ் பிரெஸ்லிக்குச் சொல்லிக்கொடுத்தார் என்பதைத் தவிர அவர் என்ன சாதித்தார்? ஹாலிவுட் பணக்காரர்களுக்கு பெல்ட் விற்ற ஒரு வியாபாரியை ஆசான் என்று கொண்டாடுவது ஏன்? தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

மார்ச் 3, காலை

முதல் ஆசிரியர் அவர் இல்லை. அந்தப் பட்டத்தை ராபர்ட் டிரையஸுக்குக் கொடுத்துவிடுங்கள். இரண்டாம் உலகப் போரில் கடற்படையில் இருந்துவிட்டு ஊர் திரும்பிய மனிதர். 1946இல் அரிசோனாவின் பீனிக்ஸ் நகரில் பள்ளி தொடங்கினார். அப்போது பார்க்கர் ஹொனலுலுவில் 15 வயதுப் பையன். டிரையஸ் 1948இல் அமெரிக்காவின் முதல் கராத்தே சங்கத்தையும் நிறுவினார். சாலமன் தீவுகளில் ஒரு சீன பௌத்த போதகரிடம் கற்றேன் என்பது அவர் தம்மைப் பற்றிச் சொன்ன கதை. அந்தக் காலத்து அமெரிக்கக் கராத்தே ஆசிரியர்கள் எல்லோரிடமும் இப்படி ஒரு தீவுக் கதையோ மலைக் கதையோ கட்டாயம் இருக்கும்.

வியாபாரி என்பது சரி. மறுக்கப் போவதில்லை. பார்க்கரின் கராத்தே முறைக்குக் கென்போ என்று பெயர்; அதில் ஏழு வருடம் பயின்றவள் நான், தொழிலில் கணக்காளர், கட்டணம் கட்டிய ரசீதுகள் இன்னும் ஒரு பிஸ்கட் டப்பாவில் இருக்கின்றன. ஆனால் வியாபாரி என்றால் வாத்தியார் இல்லை என்று ஆகிவிடுமா? ட்யூஷன் எடுக்காத கணக்கு வாத்தியாரை எங்கள் ஊரில் நான் பார்த்ததே இல்லை. எனக்குக் கணக்கு வந்தது அவர்களில் ஒருவரால்தான்.

மார்ச் 3, இரவு

காலையில் அவசரமாக எழுதிவிட்டேன். டிரையஸ் முதல்வர் என்பது அமெரிக்கப் பெருநிலப்பரப்புக்குத்தான் பொருந்தும். ஹவாயைச் சேர்த்தால் கணக்கு மாறுகிறது. ஜப்பானின் ஒக்கினாவா தீவிலிருந்து கரும்புத் தோட்டங்களுக்குக் கூலி வேலைக்குப் போனவர்கள் கராத்தேயையும் கொண்டுபோனார்கள். 1927இல் ஒக்கினாவா ஆசிரியர் யாபு கென்ட்சு ஹொனலுலுவில் மேடையேறிச் செய்து காட்டினார். 1932இல் இன்னோர் ஒக்கினாவா ஆசிரியர் மொட்டோபு சோக்கி கப்பலில் போய் இறங்கினார். குடிவரவு அதிகாரிகள் உள்ளே விடாமல் திருப்பி அனுப்பிவிட்டார்கள். 1934இல் மியாகி சோஜுன் போனார், சில மாதங்கள் தங்கிச் சொல்லிக்கொடுத்தார்.

அப்போது ஹவாய் மாநிலம் இல்லை, அமெரிக்காவின் ஆட்சிப்பகுதி. மாநிலமானது 1959இல். ஆகவே 'அமெரிக்காவில் முதல்' என்ற சண்டையில் யார் ஜெயிப்பார்கள் என்பது வரைபடத்தை எந்த வருடத்தில் விரிக்கிறோம் என்பதைப் பொறுத்தது. நான் இந்தச் சண்டையிலிருந்து விலகிக்கொள்கிறேன்.

மார்ச் 4

பார்க்கர் பிறந்தது 1931இல், ஹொனலுலுவில். முழுப்பெயர் எட்மண்ட் கெயலோஹா பார்க்கர். மார்மன் என்ற கிறிஸ்தவச் சபைக் குடும்பம். ஜூடோ தெரியும், குத்துச்சண்டையும் பழகியிருந்தான். நல்ல ஆகிருதி வேறு.

அவன் கென்போவுக்குள் வந்த கதைதான் எனக்கு மிகவும் பிடித்தது. மாதா கோயிலில், அதாவது அவர்கள் சபைக் கூடத்தில், ஃப்ராங்க் சௌ என்பவர் ஊரில் ஒரு முரடனைத் தாம் அடித்து வீழ்த்தியதாகச் சொல்லிக்கொண்டிருந்தார். சௌ சிறிய உருவம். அந்த முரடன் யார் என்று பார்க்கருக்குத் தெரியும். பையன் நம்பவில்லை. கோயிலில் வைத்து இப்படிப் பொய் சொல்கிறாரே என்றுகூட நினைத்தானாம். சௌ எப்படி அடித்தேன் என்று அங்கேயே செய்து காட்டினார். அதோடு முடிந்தது, பையன் சிஷ்யனாகிவிட்டான்.

ஃப்ராங்க் தமக்குத் தெரிந்ததையெல்லாம் சொல்லிக்கொடுத்துவிட்டு, "இனி என் அண்ணன் தம்பி உறவில் ஒருவர் இருக்கிறார், அவரிடம் போ" என்று வில்லியம் சௌவிடம் அனுப்பினார். தமக்குத் தெரிந்தது தீர்ந்துவிட்டது என்று ஒப்புக்கொண்டு மாணவனை இன்னொருவரிடம் அனுப்பும் ஆசிரியரை நான் வாழ்க்கையில் இரண்டு பேரைத்தான் பார்த்திருக்கிறேன்.

மார்ச் 4, சற்று நேரம் கழித்து

'அண்ணன் தம்பி உறவில்' என்று மழுப்பியிருக்கிறேன். சொந்தச் சகோதரர். மேற்கோள் குறி போட்டதும் என் கைவரிசை. ஃப்ராங்க் சொன்ன வார்த்தைகளாக எடுத்துக்கொள்ள வேண்டாம்.

மார்ச் 6

வில்லியம் சௌ யாரிடம் கற்றார் என்று கேட்டிருந்தார்கள். ஜேம்ஸ் மிட்டோசேயிடம். இங்கேதான் வம்சாவளி கொஞ்சம் நாறுகிறது. மிட்டோசே ஹவாயில் பிறந்து, சிறுவயதில் ஜப்பானுக்கு அனுப்பப்பட்டு, திரும்பி வந்து, 1942இல் ஹொனலுலுவில் தற்காப்புச் சங்கம் தொடங்கியவர். பேர்ள் துறைமுகத்தில் குண்டு விழுந்த சூடு இன்னும் ஆறாத நேரம். 1953இல் ஒரு புத்தகம் வெளியிட்டார். அதில் உள்ள பல படங்களின் நிலைகளும் பிடிகளும் மொட்டோபு சோக்கியின் 1926ஆம் வருடப் புத்தகத்தில் அப்படியே இருக்கின்றன. ஆமாம், கப்பலோடு திருப்பி அனுப்பப்பட்ட அதே மொட்டோபு. ஆளை உள்ளே விடவில்லை, அடிகள் எப்படியோ கரையேறிவிட்டன.

மிட்டோசே பின்னாளில் கலிஃபோர்னியாவில் ஒரு கொலை வழக்கில் தண்டனை பெற்று, 1981இல் சிறையிலேயே இறந்தார். குருபரம்பரை பாடும் கென்போ பள்ளிகளில் இந்தப் பெயர் வரும் இடத்தில் மட்டும் குரல் தாழ்ந்துவிடும். எங்கள் மாஸ்டர் அந்த இடத்தில் தண்ணீர் குடிப்பார்.

மார்ச் 7

'எல்விஸின் மேனேஜரும் இவரும் ஒருவரா?' என்று ஒரு கேள்வி. இல்லை. அவர் டாம் பார்க்கர், 'கர்னல்' என்று அழைக்கப்பட்டவர். இவர் எட் பார்க்கர். உறவே கிடையாது. ஒருவர் எல்விஸிடமிருந்து எவ்வளவு எடுத்தார், இன்னொருவர் எவ்வளவு கொடுத்தார் என்று தனி இழையே தொடங்கலாம், தொடங்காதீர்கள்.

மார்ச் 9

வியாபாரம் தொடங்கிய கதைக்கு வருகிறேன்.

எட் பார்க்கர் யூட்டா மாநிலத்தின் புரோவோ நகரில் பிரிகாம் யங் பல்கலைக்கழகத்தில் சேர்ந்தார். கொரியப் போர்க் காலத்தில் கடலோரக் காவல் படையில் பணி. அதிர்ஷ்டம், பணியிடம் ஹவாய். ஆகவே வேலை நேரம் போக மீதியெல்லாம் சௌவிடம். 1954இல் புரோவோ திரும்பிச் சொல்லிக்கொடுக்க ஆரம்பித்தார். பட்டம் வாங்கியது சமூகவியலில். 1956இல் கலிஃபோர்னியாவில் பசடீனா நகரின் வால்நட் தெருவில் பள்ளியைத் திறந்தார்.

25 வயது. கையில் சமூகவியல் பட்டம். அரசு வேலை தேடியிருக்கலாம். 'கராத்தே' என்ற சொல்லையே பக்கத்து வீட்டுக்காரருக்கு விளக்க வேண்டிய காலத்தில் வாடகைக்கு இடம் பிடித்துப் பலகை மாட்டியிருக்கிறார். என் அப்பாவாக இருந்தால் வீட்டைவிட்டுத் துரத்தியிருப்பார்.

பசடீனாவிலிருந்து ஹாலிவுட் கொஞ்ச தூரம்தான். நடிகர்களும் இயக்குநர்களும் வந்தார்கள். இயக்குநர் பிளேக் எட்வர்ட்ஸ் அவரிடம் பயின்றவர். எல்விஸை அவர் சந்தித்தது 1960இல், ஒரு ஹோட்டலில் செய்முறை காட்டப் போனபோது. எல்விஸ் அதற்கு முன்பே ஜெர்மனியில் ராணுவச் சேவையின்போது கராத்தே பழகத் தொடங்கிவிட்டார். ஆக, 'எல்விஸின் முதல் ஆசிரியர்' என்ற பட்டமும் கையை விட்டுப் போகிறது. ஒவ்வொரு 'முதல்' ஆகப் பார்க்கரிடமிருந்து கழற்றிக்கொண்டே வருகிறேன், பாவம்.

1973 ஜனவரியில் ஹொனலுலுவிலிருந்து செயற்கைக்கோள் வழியாக ஒளிபரப்பான எல்விஸின் கச்சேரியைப் பாருங்கள். அவர் கையில் கறுப்பு கிட்டார். அதன் உடம்பில் ஒரு சின்னம் ஒட்டியிருக்கும். அது கென்போவின் சின்னம். பார்க்கர் பிறந்த ஊரில், உலகமே பார்த்துக்கொண்டிருந்த மேடையில், பைசா செலவில்லாத விளம்பரம். கேள்வி கேட்டவர் இதைச் சாட்சியாகச் சேர்த்துக்கொள்ளலாம். எல்விஸ் இறந்த மறு வருடமே அவரைப் பற்றிப் பார்க்கர் புத்தகம் எழுதி வெளியிட்டார், அதையும் சேருங்கள்.

மார்ச் 10

இப்போது என் கதை. வேண்டாம் என்றால் தாண்டிப் போங்கள்.

1999. மகளுக்கு எட்டு வயது. லாஸ் ஏஞ்சலிஸுக்குக் கிழக்கே நாங்கள் குடியிருந்த ஊரில், சலவைக் கடைக்குப் பக்கத்தில் ஒரு கென்போ பள்ளி. அவளைச் சேர்த்துவிட்டுச் சுவர் ஓரம் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்து அலுவலகக் கணக்கு பார்ப்பேன். மூன்றாவது வாரம் மாஸ்டர் வந்து, "நீங்களும் எழுந்து நில்லுங்கள் அம்மா, நாற்காலிக்கு வாடகை உண்டு" என்றார். அவர் சொன்னது ஆங்கிலத்தில். 'அம்மா' மட்டும் என் மகள் சொல்லிக் கேட்டுப் பழகிய தமிழ். எனக்கு 36 வயது. சுடிதாரோடு எழுந்து நின்றேன்.

முதல் பாடம் 'தாமதித்த வாள்'. எதிராளி வலது கையால் நம் சட்டையின் முன்பக்கத்தைக் கொத்தாகப் பிடிக்கிறான். தரையில் பெரிய கடிகாரம் வரைந்திருப்பதாக நினைத்துக்கொள்ள வேண்டும். நாம் நடுவில். எதிராளி 12இல் நிற்கிறான். வலது காலை 6ஐ நோக்கிப் பின்னால் வைத்தபடி, அவன் மணிக்கட்டின் உட்புறத்தில் வலது முன்கையால் அடித்துப் பிடியைத் தளர்த்த வேண்டும். முன்னங்காலைப் பின்னால் இழுத்துப் பூனை போல நுனிக்காலில் நிற்க வேண்டும். அதே காலால் கவட்டையில் ஓர் உதை. அவன் குனிவான். கால் தரையில் இறங்கும்போதே உள்ளங்கையின் ஓரத்தால் கழுத்தில் வெட்டு. அந்த ஓரம்தான் வாள். உதை முடியும் வரை காத்திருந்து வருவதால் தாமதம்.

அப்படியே இருபது தடவை. வெட்கம் போகவே பத்துத் தடவை ஆயிற்று. பன்னிரண்டாவது தடவையில் எதிரே நின்ற பதினாறு வயதுப் பையனின் கழுத்தில் நிஜமாகவே பட்டுவிட்டது. மன்னிப்புக் கேட்டேன். மாஸ்டர், "கடைசியில் ஒரு வெட்டு ஒழுங்காக விழுந்தது, அதற்குப் போய் மன்னிப்பா" என்றார்.

மார்ச் 11

ரசீது விஷயம். கேட்டுவிட்டீர்கள், சொல்கிறேன். மகளுக்கும் எனக்கும் சேர்த்து இரண்டு வருட ஒப்பந்தம் போட்டார்கள், முன்பணத்தோடு. கணக்காளர் கையெழுத்துப் போடலாமா? போட்டேன். 2001இல் ஒரு திங்கட்கிழமை போனால் கதவில் பூட்டு. உரிமையாளர் வேறு, சொல்லிக்கொடுத்த மாஸ்டர் வேறு என்பதே அன்றுதான் எங்களுக்குத் தெரிந்தது. பணம் திரும்பவில்லை.

மாஸ்டர் எங்களை அழைத்து, தம் வீட்டு கார் ஷெட்டில் வகுப்பைத் தொடர்ந்தார். ஒப்பந்தக் காலம் முடியும் வரை ஒரு டாலர் வாங்கவில்லை. அதற்குப் பிறகு வாங்கினார், முன்பைவிடக் கொஞ்சம் அதிகமாகவே.

கராத்தேயை நீண்ட கால ஒப்பந்தத்தில் விற்கும் இந்த வழக்கத்தைப் பார்க்கர் தலையில் மட்டும் கட்ட முடியாது. அவரிடம் பயின்று பிரிந்துபோன டிரேசி சகோதரர்கள் நடனப் பள்ளிகள் பாடம் விற்கும் முறையைப் பார்த்து, தனிப்பாடம், தொகுப்புப் பாடம் என்று ஊர் ஊராகக் கிளை திறந்தார்கள். பார்க்கர் விதை போட்டார், தோப்பு வைத்தது மற்றவர்கள். இப்படி எழுதும்போதே அவருக்கு வக்கீலாகிவிட்டேனோ என்று தோன்றுகிறது. ஆகட்டும்.

மார்ச் 13

நேற்று முழுக்க யோசித்ததில், பார்க்கர் என்ன சாதித்தார் என்ற கேள்விக்கு என் பதில் இதுதான்: அவர் பெயர் வைத்தார்.

சிரிக்காதீர்கள். சௌவிடம் பார்க்கர் கற்றபோது அடிகளுக்குப் பெயர் இல்லை. ஆசிரியர் அடிப்பார், நீ விழுவாய், எழுந்து அதைச் செய்வாய். திறமை உள்ளவனுக்கு அது போதும். புரோவோவிலும் பசடீனாவிலும் மாலை ஆறு மணிக்கு வேலை முடிந்து வரும் பல் மருத்துவருக்கும் வங்கி எழுத்தருக்கும் அது போதாது. வீட்டுக்குப் போனால் மறந்துவிடும்.

பார்க்கரின் பள்ளிகளில் ஒவ்வோர் அடி வரிசைக்கும் ஒரு பெயர். பெயருக்குள்ளேயே என்ன தாக்குதல் என்ற குறிப்பும் இருக்கும். 'இறகு' என்றால் தலைமுடி. இறகு என்று தொடங்கினால் யாரோ முடியைப் பிடிக்கிறான். 'சுள்ளி' என்றால் கை. 'புயல்' என்றால் தடியால் அடிக்க வருகிறான். 'ஈட்டி' கத்தி. 'கோல்' துப்பாக்கி. 'கதை', அதாவது கதாயுதம், முஷ்டி. 'புயலைத் தடுத்தல்' என்று மாஸ்டர் குரல் கொடுத்தால் எங்கள் எதிரே நிற்பவர் தானாகத் தடியைத் தேடுவார்.

என் அம்மா தமிழாசிரியை. இதை ஃபோனில் சொன்னதும், "குழூஉக்குறிடீ" என்றார். பள்ளியில் படித்தோமே: பொற்கொல்லர் பொன்னைப் 'பறி' என்பார்கள், வேடர் கள்ளைச் 'சொல்விளம்பி' என்பார்கள். ஒரு குழு தனக்குள் வைத்துக்கொள்ளும் பெயர். ஆனால் பொற்கொல்லர் அதை வைத்தது வாடிக்கையாளருக்குப் புரியக்கூடாது என்று. பார்க்கர் வைத்தது வாடிக்கையாளருக்கு நினைவில் நிற்க வேண்டும் என்று. இது அம்மா சொன்னது இல்லை, நான் சொல்வது.

மார்ச் 13, இரவு

யோசித்துப் பார்த்தால் மிருதங்கச் சொற்கட்டுதான் இன்னும் பொருத்தமான உவமை. வாயால் சொன்னால் கைக்கு வந்துவிடுகிறது. ஆனால் ஒரு வித்தியாசம் இருக்கிறது, அதுதான் என்னை உறுத்துகிறது. சொற்கட்டு சொல்லத் தெரிந்தவனுக்கு வாசிக்கத் தெரியாவிட்டால் சபையில் ஐந்தே நிமிடத்தில் தெரிந்துவிடும். கென்போவில் பெயர்கள் அத்தனையும் மனப்பாடமாக ஒப்பிக்கும், கையால் ஈ ஓட்டத் தெரியாத பச்சை பெல்ட்டுகளை நான் பார்த்திருக்கிறேன். கண்ணாடியில் தினமும் ஒருத்தியைப் பார்த்தேன்.

ஆகவே கேள்வி கேட்டவருக்கு அரைப் புள்ளி.

மார்ச் 15

போதிதர்மர். வந்துவிட்டார். எதிர்பார்த்தேன்; பதினைந்து நாள் தாங்கியதே ஆச்சரியம்.

காஞ்சிபுரத்துப் பல்லவ இளவரசர் சீனாவுக்குப் போய்ச் சண்டைக்கலை சொல்லிக்கொடுத்தார், அதிலிருந்துதான் கென்போ என்று எழுதியிருக்கிறீர்கள். போதிதர்மரையும் சண்டையையும் முடிச்சுப் போடும் ஏடு 'யிஜின் ஜிங்'. அது 17ஆம் நூற்றாண்டுச் சரக்கு. அதன் முன்னுரைகள் போலி என்று சீன வரலாற்றாசிரியர்கள் காட்டி நெடுநாள் ஆகிறது. அவர் தென்னிந்தியர் என்று ஒரு பழைய குறிப்பு சொல்கிறது, பாரசீகர் என்று அதைவிடப் பழைய இன்னொன்று சொல்கிறது. இரண்டிலும் உதையும் இல்லை, குத்தும் இல்லை. இழையை காஞ்சிபுரத்துக்குத் திருப்பாதீர்கள். இது பசடீனா போகிற பஸ்.

மார்ச் 16

லாங் பீச் 1964 பற்றி எழுதச் சொன்னவருக்கு.

ஆகஸ்ட் 2. கலிஃபோர்னியாவின் லாங் பீச் நகரில் பார்க்கர் நடத்திய முதல் சர்வதேசக் கராத்தேப் போட்டி. புரூஸ் லீ என்ற 23 வயது இளைஞரைச் செய்முறை காட்ட அழைத்திருந்தார். ஓக்லண்டைச் சேர்ந்த ஜேம்ஸ் லீ வழியாக ஏற்பட்ட அறிமுகம். இரண்டு விரலில் தண்டால், ஓர் அங்குலக் குத்து, எல்லோரும் அறிந்த காட்சிகள். சம்பிரதாயமான நிலைகளைக் கேலி செய்யவும் செய்தார். அரங்கில் உட்கார்ந்திருந்தவர்கள் அந்த நிலைகளை வாழ்நாள் முழுக்கப் பயின்ற ஆசிரியர்கள். பாதிப் பேருக்கு முகம் சிவந்திருக்கும்.

பார்க்கர் அதைப் படம் பிடித்து வைத்திருந்தார். முடிதிருத்தும் கலைஞர் ஜே செப்ரிங், தம் வாடிக்கையாளரான தொலைக்காட்சித் தயாரிப்பாளர் வில்லியம் டோசியரிடம் லீயைப் பற்றிச் சொன்னார். பார்க்கர் படச்சுருளோடு போய்ப் போட்டுக் காட்டினார். 1965 பிப்ரவரியில் லீக்கு நடிப்புத் தேர்வு. 1966இல் 'கிரீன் ஹார்னெட்' தொடர். பிறகு நடந்தது ஊரறியும்.

நான் கவனிப்பது வேறொன்றை. லீயை ஊரில் அழைத்துக்கொண்டு சுற்றும்படி பார்க்கர் தம் மாணவர் டான் இனோசாண்டோவிடம் சொன்னார். அவர் கறுப்பு பெல்ட் வாங்கியவர். சுற்றிக் காட்டப் போனவர் லீயிடம் அசந்து போய் அவருடைய மாணவராகிவிட்டார். 1967இல் லாஸ் ஏஞ்சலிஸ் சீனர் வட்டாரத்தில் லீ பள்ளி திறந்தபோது அங்கே சொல்லிக்கொடுத்தது அவர்தான். மேடையும் கொடுத்து மாணவரையும் கொடுத்த கதை. ஆனாலும் பார்க்கரும் லீயும் நண்பர்களாகவே இருந்தார்கள், இனோசாண்டோ பார்க்கரைப் பற்றி மரியாதையோடுதான் பேசினார். பார்க்கர் ஃப்ராங்க் சௌவின் பையனல்லவா.

மார்ச் 16, உடனே

'பையன்' என்றால் மகன் இல்லை. மாணவன் என்ற பொருளில் எழுதினேன். குழப்பத்துக்கு மன்னிக்கவும்.

மார்ச் 19

பிரிந்து போனவர்கள் பட்டியல் நீளம். டிரேசிகள். இனோசாண்டோ. அதற்கும் முன்னால் ஜேம்ஸ் வூ. 1960களின் தொடக்கத்தில் பார்க்கருக்குச் சீனக் கலைகளின் மீது பித்துப் பிடித்தது. வூவிடமிருந்து நிறையத் தெரிந்துகொண்டார். 1963இல் வந்த அவருடைய சீனக் கராத்தேப் புத்தகத்தில் வூவின் பங்கு இருக்கிறது. பிறகு மனஸ்தாபம். வூ போனபோது பார்க்கரின் ஆரம்பகால மாணவர்களில் பலரும் கூடவே போய்விட்டார்கள்.

இது ஏன் எப்போதும் நடந்தது? பார்க்கர் சும்மா இருக்க மாட்டார். பாடத்திட்டத்தை மாற்றிக்கொண்டே இருந்தார். ஒரு பெல்ட்டுக்கு 32 அடி வரிசைகள் என்று வைத்தார். பிறகு 24. கடைசியில் 16. ஒரு சண்டைப் படச்சுருளைப் பின்னோக்கி ஓட்டிப் பார்த்தபோதுதான், ஒவ்வோர் அசைவும் திரும்பிப் போகும் வழியிலும் ஓர் அடியாக முடியும் என்பது தமக்குப் புலப்பட்டதாகச் சொல்வார். அன்றிலிருந்து திரும்பும் அசைவுக்கும் பாடம். அசைவுகளை எழுத்துகள் என்றார். எழுத்து சேர்ந்து சொல், சொல் சேர்ந்து வாக்கியம். 1982 முதல் 1987 வரை ஐந்து தொகுதிகளாக எழுதித் தள்ளினார். எல்லாவற்றையும் படித்தேன். இரண்டாவது தொகுதியில் தூங்கியும் இருக்கிறேன்.

கோவில் ஐயரைப் போல ஒன்றையே ஒழுங்காகத் திரும்பச் செய்வதுதான் மரபு என்று நினைப்பவர்களுக்கு இந்த மனிதரோடு குடும்பம் நடத்த முடியாது. போன வருடம் கற்றதை இந்த வருடம் வந்து "அது பழையது" என்பார்.

மார்ச் 20

முந்தைய குறிப்பில் 'கோவில் ஐயர்' என்று போட்டதற்கு ஒருவர் கோபித்திருக்கிறார். என் மாமனார் கோவில் குருக்கள். அவரிடம் படித்துக் காட்டினேன். "ஒன்றையே திரும்பச் செய்கிறேன் என்று யார் சொன்னது? 1970இல் நான் செய்த அலங்காரத்தை இப்போது செய்தால் சிரிப்பார்கள்" என்றார். ஆக, அந்த உவமை தவறு. வாபஸ்.

மார்ச் 22

பார்க்கர் 1990 டிசம்பர் 15 அன்று மாரடைப்பில் இறந்தார். 59 வயது. ஊர் ஹொனலுலு. வாரிசு இன்னார் என்று எல்லோரும் ஒப்புக்கொள்ளும்படி யாரையும் விட்டுப் போகவில்லை. சங்கம் துண்டு துண்டானது.

அதற்குப் பிறகு நடந்த சண்டைகளைப் பார்த்தால் எனக்குப் பரிதாபமும் சிரிப்பும் சேர்ந்து வரும். 1962இல் கற்றவர் "இதுதான் பார்க்கர் சொன்னது" என்பார். 1975இல் கற்றவர் இல்லை என்பார். 1988இல் கற்றவர் இருவரையும் பார்த்துத் தலையாட்டுவார். மூவரும் உண்மைதான் சொல்கிறார்கள். எங்கள் கார் ஷெட் மாஸ்டர் 24 கட்சி. பக்கத்து ஊர் மாஸ்டர் 16 கட்சி. இரண்டு பேரும் ஒரே மளிகைக் கடையில் சந்தித்தால் ஒருவர் பால் வரிசைக்கும் ஒருவர் ரொட்டி வரிசைக்கும் போய்விடுவார்கள்.

வாத்தியாரா வியாபாரியா என்று கேட்டவர் மறுபடியும் எழுதியிருக்கிறார்: 'நீங்களே வியாபாரி என்று ஒப்புக்கொண்டீர்கள், வழக்கு முடிந்தது.' முடியவில்லை. பாடத்தை மூன்று தடவை கலைத்து எழுதியவர் வியாபாரியாக மட்டும் இருந்தால் அவ்வளவு மோசமான வியாபாரி யாரும் இல்லை. விற்றுக்கொண்டிருந்த சரக்கைத் தானே பழையது என்று சொல்வானா ஒருவன்? வாங்கியவர்கள் கோபித்துக்கொண்டு கடையை விட்டுப் போனார்கள், அவர் மறுபடியும் எழுத உட்கார்ந்தார். கணக்காளராகச் சொல்கிறேன், ஐந்தொகையில் இதை எந்தப் பக்கம் எழுதுவது என்று தெரியவில்லை.

மார்ச் 25

மார்ச் 10 குறிப்பில் தப்பு இருக்கிறது என்று ஒருவர் சுட்டியிருக்கிறார். 'தாமதித்த வாள்' வரிசையில் பின்னால் போவது இடது கால், வலது கால் இல்லை என்கிறார். நான் ஏழு வருடம் செய்தவள், எனக்குத் தெரியாதா என்று பதில் எழுத ஆரம்பித்தேன். பாதியில் சந்தேகம் வந்துவிட்டது. வலது கால் பின்னால் போனால் முன்னங்கால் இடது அல்லவா? பிறகு வலது காலால் உதைத்துவிட்டு வலது கையால் எப்படி வெட்டுவது?

எழுந்து கூடத்தில் நின்றேன். எதிரே யாரோ சட்டையைப் பிடித்ததாக நினைத்துக்கொண்டேன். யோசிக்கும் முன்பே இடது கால் 6க்குப் போய்விட்டது. வலது முன்கை உள்ளே வந்தது. பூனை நிலைவரை சரியாக வந்தேன். அதற்கு மேல் முழங்கால் ஒத்துக்கொள்ளவில்லை, உதையைப் பாதியில் விட்டுச் சோபாவைப் பிடித்துக்கொண்டேன்.

இடது கால்தான். திருத்திக்கொள்ளவும்.

அடுக்களையில் ரசம் தாளித்துக்கொண்டிருந்த கணவர் கரண்டியோடு எட்டிப் பார்த்து, "இப்போது யார் வந்து உன் சட்டையைப் பிடித்தது?" என்று கேட்டார்.